கணக்குப் பத்திரிகையில் வந்த முகங்கள்

புடாபெஸ்ட் நகரத்தில் 1930 வாக்கில் ஒரு ஷூ கடை. வாசல் கதவை யாரோ படபடவென்று தட்டினார்கள். கடைக்கு வருகிறவர் யாராவது கதவைத் தட்டுவார்களா? தள்ளிக்கொண்டு உள்ளே வர வேண்டியதுதானே! தட்டியவனுக்கு வயது 17. உள்ளே இருந்தது கடைக்காரரின் 14 வயது மகன். வந்தவன் ஊர் பேர் விசாரிக்கவில்லை, சௌக்கியமா என்று கேட்கவில்லை. நாலு இலக்கத்தில் ஓர் எண் சொல் என்றான். கடைக்காரர் மகன் 2532 என்றான். அதன் வர்க்கம் 64,11,024 என்று உடனே பதில் வந்தது. கனம் சொல்ல முடியவில்லை, வயதாகிவிட்டது என்று வந்தவன் வருத்தப்பட்டுக்கொண்டான். அடுத்த கேள்வி, பித்தாகரஸ் தேற்றத்துக்கு உனக்கு எத்தனை நிரூபணம் தெரியும்? ஒன்று. எனக்கு 37 தெரியும்.

தட்டியவன் பால் ஏர்டோஷ், பிற்பாடு உலகமே அறிந்த கணிதராக ஆனவன். கடைக்காரர் மகன் ஆண்ட்ரூ வாசோனி, பின்னாளில் அமெரிக்காவில் பேர் பெற்ற கணிதர். இந்தக் கதையை உலகத்துக்குச் சொன்னவரும் அவர்தான். கணக்கில் கெட்டிக்காரப் பையன் ஒருவன் அந்தக் கடையில் இருக்கிறான் என்று கேள்விப்பட்டு, அவனைப் பார்க்கவே ஏர்டோஷ் போயிருக்கிறான். படிக்கிறவர்கள் இதை மேதையின் கிறுக்கு என்று சிரித்துவிட்டுப் போவார்கள். ஆயுசு முழுக்கப் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்த எனக்கு இதில் வேறொன்று தெரிகிறது. பழகத் தெரியாத ஒரு பையன் தனக்குத் தெரிந்த ஒரே பாஷையில் ‘என்னோடு சேர்ந்துகொள்கிறாயா’ என்று கேட்கிறான். கேட்கிற விதம் கோணல்தான். ஆனால் தேடிக்கொண்டு போயிருக்கிறான் பாருங்கள். அந்தத் தேடலை அவனுக்குப் பழக்கியதில் ஒரு மாதப் பத்திரிகைக்குப் பெரிய பங்கு உண்டு. அந்தப் பத்திரிகையின் கதையைத்தான் சொல்ல வருகிறேன்.

அதற்கு முன் பையனின் வீட்டைப் பார்த்துவிடுவோம். 1913 மார்ச் 26-ஆம் தேதி அவன் பிறந்தான். அதையொட்டிய நாட்களில்தான் அவனுடைய இரண்டு அக்காமார், மூன்று வயதும் ஐந்து வயதுமான குழந்தைகள், செங்காய்ச்சல் கண்டு இறந்துபோனார்கள். அடுத்த வருஷம் உலகப்போர். அப்பா லாயோஷ் ரஷ்யர்களிடம் பிடிபட்டு ஆறு வருஷம் சைபீரியாவில் கைதியாகக் கிடந்தார். அப்பா, அம்மா இருவருமே பள்ளிக்கூடக் கணக்கு ஆசிரியர்கள். அம்மா வேலைக்குப் போய்விடுவார். பையன் ஒரு தாதியோடு வீட்டுக்குள் இருப்பான். துணைக்கு இருந்தவை எண்கள். வீட்டுக்கு வந்தவர்களின் வயதைக் கேட்டு, அவர்கள் எத்தனை வினாடி வாழ்ந்திருக்கிறார்கள் என்று சொல்வது அவன் விளையாட்டு. நூறிலிருந்து இருநூற்றைம்பது போனால் பூஜ்யத்துக்குக் கீழே நூற்றைம்பது என்று நாலு வயதில் தானாகக் கண்டுபிடித்து அம்மாவிடம் சொன்னானாம்.

இரண்டு பெண்களை வாரிக்கொடுத்த தாய் மூன்றாவது பிள்ளையைத் தெருவில் விடுவாரா? நோய் ஒட்டிக்கொள்ளும் என்ற பயத்தில் கொஞ்ச காலம் பள்ளிக்கு அனுப்புவது, மறுபடி வீட்டிலேயே நிறுத்திவைத்துப் பாடம் சொல்லிக்கொடுப்பது என்று அவன் பிள்ளைப்பருவம் கழிந்தது. எல்லாம் அம்மாவே செய்து கொடுத்தார். 1934-இல், 21 வயதில் ஆராய்ச்சிக்காக இங்கிலாந்து போனபோது, தேநீர் வேளையில் ரொட்டியும் வெண்ணெயும் எடுத்துவைத்தார்கள். ரொட்டியில் வெண்ணெய் தடவி அவனுக்குப் பழக்கமில்லை, வெளியே சொல்ல வெட்கம். தானே தடவிப் பார்த்தபோது அது அப்படியொன்றும் கஷ்டமாக இல்லை என்று அவரே பின்னால் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

இனி பத்திரிகை. ஹங்கேரியில் டியோர் என்று ஓர் ஊர். அங்கே டானியேல் அரனி என்ற பள்ளி ஆசிரியர், மேல்நிலை வகுப்புப் பிள்ளைகளுக்கென்று கணக்குப் பத்திரிகை ஒன்றை 1894 ஜனவரியில் தொடங்கினார். நீளமான ஹங்கேரியப் பெயர், சுருக்கிக் கோமால் என்பார்கள். பிள்ளைகளுக்கும் ஆசிரியர்களுக்கும் நல்ல கணக்குகள் நிறையக் கிடைக்க வேண்டும் என்பதுதான் அவர் எண்ணம். அதே 1894-இல் பள்ளி முடித்த மாணவர்களுக்காக எட்வெஷ் என்பவரின் பெயரில் ஒரு கணிதப் போட்டியும் அந்நாட்டில் தொடங்கியது. இரண்டு வருஷம் கழித்துப் பத்திரிகை லாஸ்லோ ராட்ஸ் கைக்கு வந்தது. புடாபெஸ்டின் லூத்தரன் பள்ளியில் கணக்கு ஆசிரியர், 1914 வரை அவரே நடத்தினார். பின்னாளில் பெரிய கணிதராக விளங்கிய ஜான் வான் நாய்மனுக்கும், பிற்பாடு நோபல் பரிசு வாங்கிய யூஜின் விக்னருக்கும் பள்ளியில் கணக்கு எடுத்தவர். விக்னர் பிரின்ஸ்டனில் தம் அறைச் சுவரில் இந்தப் பள்ளி ஆசிரியரின் படத்தை மாட்டி வைத்திருந்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பத்திரிகை நடந்த விதம் எளிது. மாதாமாதம் புதுக்கணக்குகள் வரும். பாடப்புத்தகத்தில் இருப்பது மாதிரிச் சூத்திரத்தில் எண்ணைப் போட்டு விடை எடுக்கும் கணக்கு கிடையாது, உட்கார்ந்து யோசிக்க வேண்டிய கணக்குகள். பையன்களும் பெண்களும் விடையை முழு நிரூபணத்தோடு எழுதித் தபாலில் அனுப்ப வேண்டும். திருத்தி மதிப்பெண் போடுவார்கள். வந்தவற்றில் நேர்த்தியானதைத் தேர்ந்தெடுத்துப் பின்வரும் இதழில் அச்சிடுவார்கள், அனுப்பியவரின் பெயர், பள்ளி, ஊரோடு. அதே கணக்கைச் சரியாகப் போட்ட மற்றவர்களின் பெயர்களும் கீழே வரும். லிபோட் வைஸ் என்று பேச் நகரத்துப் பையன் ஒருவனின் பெயர் அந்தப் பட்டியல்களில் அடிக்கடி வந்தது. அவர்தான் பிறகு லிபோட் ஃபெயர் என்று பெயர் மாற்றிக்கொண்டு, புடாபெஸ்ட் பல்கலைக்கழகத்தில் ஏர்டோஷுக்கே பேராசிரியராக உட்கார்ந்தவர். பிற்காலத்தில் விஞ்ஞானிகளாகப் பேர் பெற்ற தியோடோர் வான் கார்மான், லியோ ஸிலார்ட் ஆகியோரும் பிள்ளைப் பருவத்தில் இதில் கணக்குப் போட்டவர்களே.

இன்னொரு வழக்கமும் உண்டு. எனக்கு அதுதான் இந்தப் பத்திரிகையின் உயிர்நாடி என்று படுகிறது. வருஷ முடிவில், அதிகக் கணக்குகளைச் சரியாகப் போட்டவர்களின் புகைப்படங்களை வரிசையாக அச்சிடுவார்கள். சின்னச்சின்ன முகங்கள், படத்தோடு பெயர். யோசித்துப் பாருங்கள். ஒரு சிற்றூர்ப் பள்ளியில் ஒரு பிள்ளை இருக்கிறது. வகுப்பில் அதன் பேச்சு யாருக்கும் புரிவதில்லை, அதற்கும் மற்றவர்கள் பேச்சில் ருசியில்லை. அந்தப் பிள்ளை மாதாமாதம் பட்டியலில் தன் பெயருக்கு மேலேயும் கீழேயும் ஒரே பெயர்கள் திரும்பத் திரும்ப வருவதைப் பார்க்கிறது. இவன் போன மாதம் ஆறு கணக்குப் போட்டான், இந்த மாதம் எட்டு. இவள் நம்மை முந்திவிட்டாள். ஒருநாள் பார்த்தால் அந்தப் பெயர்களுக்கு முகம் வந்துவிடுகிறது. இது சிநேகம் ஆகாதுதான். ஆனால் உலகத்தில் தன்னைப் போல இன்னும் சிலர் இருக்கிறார்கள், இன்ன ஊரில் இன்ன பள்ளியில் இருக்கிறார்கள் என்ற சேதி போய்ச் சேர்ந்துவிட்டது. ஒதுங்கிக் கிடக்கிற பிள்ளைக்கு முதலில் வேண்டியது அதுதான்.

1914-இல் போர் வந்து பத்திரிகை நின்றது. அப்போது பத்து வயதான வான் நாய்மனுக்கு அதில் எழுதும் யோகம் இல்லாமல் போயிற்று. 1925-இல் ஆண்டோர் ஃபரகோ என்ற ஆசிரியர் மறுபடி தொடங்கினார். ஏர்டோஷுக்கு அப்போது வயது 12. சரியான பருவம். அவனும் கணக்கு அனுப்பத் தொடங்கினான். அதே பட்டியல்களில் பால் டூரான் என்ற பெயரும் இருந்தது. டிபோர் கல்லாய், ஜார்ஜ் ஸெகெரெஷ் என்று இன்னும் சிலர், எல்லாம் இரண்டொரு வயது வித்தியாசத்தில். பள்ளியை முடித்துவிட்டு நேரில் சந்தித்தபோது இவர்களுக்குள் புதிதாக அறிமுகம் செய்துகொள்ள வேண்டிய தேவை அதிகம் இருக்கவில்லை. ஒருவன் மூளை எப்படி ஓடும் என்பது மற்றவனுக்கு முன்பே தெரியும்.

நம் ஊர்ப் பக்கம் கொஞ்சம் திரும்பிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. கும்பகோணத்தில் சாரங்கபாணி சன்னிதித் தெருத் திண்ணையில் பலகையும் பலப்பமுமாக ஒரு பையன் உட்கார்ந்திருந்தது, கோமாலை ராட்ஸ் நடத்திய காலத்தில்தான். அந்தப் பையன் ராமானுஜன், கார் என்பவருடைய தேற்றத் தொகுப்புப் புத்தகத்தைக் கையில் எடுத்தது 1903-இல். அந்த வயதில் அவரோடு சரிக்குச் சரி உட்கார்ந்து கணக்குப் பேச ஊரில் ஆள் கிடையாது. கல்லூரி உதவித்தொகை போனது, தேர்வுகள் போயின. 1907-இல் வி. ராமசுவாமி ஐயர் என்ற அரசாங்க அதிகாரி, கணக்கில் பித்துப் பிடித்தவர், தெரிந்தவர் தெரியாதவர்களுக்கெல்லாம் கடிதம் எழுதி ஒரு கணிதச் சங்கத்தைச் சேர்த்தார். சங்கத்துக்கு ஒரு பத்திரிகையும் பிறந்தது, அதில் வாசகர்கள் ஒருவருக்கொருவர் கணக்குப் போட்டுக்கொள்ளும் பகுதியும் இருந்தது. 1910-இல் ராமானுஜன் நோட்டுப் புத்தகத்தோடு திருக்கோவிலூருக்குப் போய், அங்கே டெபுடி கலெக்டராக இருந்த இந்த ஐயரைத்தான் பார்த்தார். அடுத்த வருஷம் பத்திரிகையில் ராமானுஜனின் கணக்குகள் வெளிவந்தன. அதில் ஒன்று வர்க்கமூலத்துக்குள் வர்க்கமூலம், அதற்குள் இன்னொன்று என்று முடிவில்லாமல் போகும் கோவை. விடை என்னவோ வெறும் மூன்றுதான். மூன்று இதழ், ஆறு மாதம் பார்த்தார்கள். ஒருவரும் விடை அனுப்பவில்லை. கடைசியில் ராமானுஜனே விடையைக் கொடுத்தார்.

அந்த ஆறு மாத மௌனத்தை நினைத்தால் எனக்குச் சங்கடமாக இருக்கும். பெரியவர்களுக்கென்று ஒரு பத்திரிகையாவது இருந்ததே என்று சந்தோஷப்படுவதா? பதினைந்து வயதில் அவருக்கு ஒரு கோமால் கிடைக்காமல் போனதே என்று வருத்தப்படுவதா?

கோமாலைப் பற்றிப் படித்த பிறகு நானும் என் பள்ளியில் ஒரு காரியம் செய்தேன். ஸ்டாஃப் ரூம் வாசலில் இருந்த நோட்டீஸ் போர்டில் திங்கட்கிழமை ஒரு கணக்கு ஒட்டுவேன், வெள்ளிக்கிழமை போட்டவர்கள் பெயரை ஒட்டுவேன். பத்தாம் வகுப்பில் ஒருவன் இருந்தான். மதியச் சாப்பாட்டைக் குழாயடிப் பக்கம் தனியாக உட்கார்ந்து தின்பான். வாத்தியார்கள் எல்லாரும் ‘நாலு பேரோட பழகுடா’ என்று அவனுக்குப் புத்தி சொல்லிக்கொண்டே இருந்தோம். நோட்டீஸ் போர்டில் அவன் பேர் வர ஆரம்பித்த பிறகு, பக்கத்து செக்‌ஷன் பெண் ஒருத்தி, அவள் பேரும் வருகிறவள், நேரே அவனிடம் போய் ‘நீ போட்ட வழி தப்பு, விடை மட்டும் எப்படியோ சரியா வந்திருக்கு’ என்று சண்டைக்கு நின்றாள். மணி அடித்ததும் இருவரும் சாக்பீஸோடு வராந்தாத் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். அவன் எல்லாரோடும் பழகினான் என்று சொல்ல மாட்டேன். அந்தப் பெண்ணோடும், இன்னும் இரண்டு பேரோடும் வருஷம் பூராவும் சண்டை போட்டான். எனக்கு அது போதுமாக இருந்தது.

புடாபெஸ்டுக்கே போவோம். அங்கே 1920-இலேயே சட்டம் போட்டு, பல்கலைக்கழகங்களில் யூத மாணவர்களின் எண்ணிக்கையைக் குறுக்கிவிட்டார்கள். இந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோர் யூதக் குடும்பத்தவர். தேசிய அளவிலான போட்டித் தேர்வில் ஜெயித்ததால் ஏர்டோஷுக்கு 1930-இல் இடம் கிடைத்தது. படித்து முடித்தாலும் வேலை கிடைக்காது என்பது எல்லாருக்கும் தெரியும். நேரம்தான் கைநிறைய இருந்தது. நகரப் பூங்காவில் வாய்தஹுன்யாத் கோட்டைக்கு எதிரே ஒரு சிலை உண்டு. பேர் தெரியாத ஒரு பழைய வரலாற்றாசிரியருக்கு 1903-இல் வைத்த சிலை. தலையில் முக்காடு, முகம் நிழலுக்குள், கையில் எழுதுகோல். அநாமதேயர் என்றே அந்தச் சிலைக்குப் பேர். அதன் அடியில் இருந்த பெஞ்சுகளில் இந்தக் கூட்டம் கூடும். கோட்டைக்கு அந்தப் பக்கம் ஏரி. பேச்சு பாதி கணக்கு, பாதி அரசியல். அப்போது ஹங்கேரியில் ஹோர்த்தி என்பவரின் கெடுபிடி ஆட்சி, யார் ஒற்றுக் கேட்கிறார்கள் என்று தெரியாது. அதனால் பரிபாஷை வைத்துக்கொண்டார்கள். கம்யூனிஸ்டு என்று சொல்ல மாட்டார்கள், ‘நீள அலைக்காரர்’ என்பார்கள். சிவப்பு ஒளிக்கு அலைநீளம் அதிகம் அல்லவா, அதனால்.

ஏர்டோஷ் கடைசிவரை பேசிய விசித்திர பாஷை, குழந்தைகளை எப்சிலான் என்பதும் இசையைச் சத்தம் என்பதும், பலருக்கு வேடிக்கை. எனக்கு அதில் அந்தப் பூங்கா பெஞ்சின் வாசனை அடிக்கிறது. முதன்முதலாக ஒரு கூட்டத்துக்குள் சேர்ந்த பிள்ளை, அந்தக் கூட்டத்தின் பேச்சை ஆயுசுக்கும் விடவில்லை.

அந்தக் கூட்டத்தில் எஸ்தர் க்ளைன் என்ற பெண் இருந்தார். இயற்பியல் படித்தவர், சிநேகிதர்களுக்கு எப்ஸி. 1933 வாக்கில் அவர் ஒரு கணக்கோடு வந்தார். ஒரு தாளில் ஐந்து புள்ளி வையுங்கள், எந்த மூன்றும் ஒரே கோட்டில் விழக்கூடாது. எப்படி வைத்தாலும் அவற்றில் நாலு புள்ளியைத் தேர்ந்து, உள்வாங்காத ஒரு நாற்கரம் வரைந்துவிடலாம். நிரூபியுங்கள்.

கோலம் போட்ட கைக்கு இது சட்டென்று பிடிபடும். ஐந்து புள்ளிகளையும் சுற்றி ஒரு ரப்பர் பேண்டை இழுத்து விட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். அது ஐந்து மூலையிலோ நாலு மூலையிலோ நின்றால் அப்போதே வேலை முடிந்தது. மூன்று மூலையில் நின்றால் ஒரு முக்கோணம், மீதி இரண்டு புள்ளி அதற்குள்ளே. உள்ளே இருக்கிற இரண்டையும் சேர்த்து இருபுறமும் நீளமாக ஒரு கோடு இழுங்கள். முக்கோணத்தின் மூன்று மூலைகளில் இரண்டு, கோட்டின் ஒரே பக்கத்தில் வந்தாக வேண்டும். அந்த இரண்டையும் உள்ளே இருக்கும் இரண்டையும் சேர்த்தால் நாற்கரம். ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்லிவிடலாம். கேட்டு முடித்ததும் அதன் முகத்தைப் பார்க்க வேண்டும்.

நாற்கரத்துக்கு ஐந்து புள்ளி போதும். ஐங்கோணத்துக்கு? ஒன்பது வேண்டும். அறுகோணத்துக்கு, எழுகோணத்துக்கு? எத்தனை கோணம் கேட்டாலும் அதற்குப் போதுமான ஒரு புள்ளி எண்ணிக்கை இருக்கிறதா என்பதே முதலில் தெரியாது. கூட்டம் முழுக்க இதில் விழுந்தது. ஸெகெரெஷுக்கு வீட்டில் தோல் வியாபாரம், அதற்காக வேதியியல் பொறியியல் படித்தவர். கணக்கு ஆசைக்குப் போடுவது. எப்ஸி கொண்டுவந்த கணக்காயிற்றே, மற்றவர்களுக்கு முன்னால் தான் போட்டுவிட வேண்டும் என்று தனக்கு ஒரு வேகம் இருந்ததாக வயதான பிறகு ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். சில வாரத்தில் அப்படி ஓர் எண் நிச்சயம் இருக்கிறது என்று நிரூபித்தும் விட்டார். ஏர்டோஷ் வேறு வழியில் இன்னும் நல்ல எல்லை கண்டார். இருவர் பேரிலும் 1935-இல் கட்டுரை வந்தது. எஸ்தரும் ஸெகெரெஷும் 1937 ஜூனில் கல்யாணம் செய்துகொண்டார்கள். அதனால் ஏர்டோஷ் இந்தக் கணக்குக்கே ‘சுபமுடிவுக் கணக்கு’ என்று பேர் வைத்துவிட்டார்.

ஏர்டோஷை இந்தப் பெஞ்சு மாற்றியதா? உலக வழக்கம் பேசுகிறவர்கள் இல்லை என்பார்கள். அவர் சமைக்கக் கற்றுக்கொள்ளவில்லை, கார் ஓட்டவில்லை, வீடு வாங்கவில்லை, கல்யாணம் செய்யவில்லை. ராத்திரி எந்நேரமானாலும் சிநேகிதர் வீட்டுக் கதவைத் தட்டுவார், அந்த வீட்டுப் பெண்கள் பட்ட பாடு தனிக்கதை. ஆனால் ஷூ கடையில் 37 நிரூபணம் தெரியும் என்று பீற்றிக்கொண்ட பையனையும், பிற்காலத்து மனிதரையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பின்னவர் யாரைப் பார்த்தாலும் கணக்கு கேட்பதை விடவில்லை. ஆனால் எதிரே இருப்பவரின் தெம்புக்கு ஏற்ற கணக்கைத் தேர்ந்து கேட்டார், அவர் போட்டு முடிக்கும்வரை காத்திருந்தார், பேரையும் பக்கத்தில் போட்டுக்கொண்டார். சுமார் 1500 கட்டுரை, அவற்றில் சேர்ந்து எழுதியவர்கள் 500 பேருக்கு மேல். கணித சரித்திரத்தில் இத்தனை பேரோடு சேர்ந்து உட்கார்ந்தவர் வேறு யாரும் இல்லை.

போர்க்காலத்தை நான் விரித்து எழுதப் போவதில்லை. ஏர்டோஷின் அப்பா 1942-இல் இறந்தார். உறவினர் பலர் முகாம்களில் மாண்டார்கள். டூரானைக் கட்டாய உழைப்புக்கு இழுத்துப்போனார்கள். செங்கல் சூளையில் தண்டவாள வண்டி தள்ளும்போது, தண்டவாளங்கள் ஒன்றையொன்று வெட்டும் இடத்தில் வண்டி தடம்புரண்டு செங்கல் கொட்டும். வெட்டும் இடங்களை எவ்வளவு குறைக்கலாம் என்று அங்கேயே யோசித்தார். அந்தக் கேள்வியை இன்றும் டூரானின் செங்கல் சூளைக் கணக்கு என்றுதான் சொல்கிறார்கள். ஸெகெரெஷ் தம்பதி ஷாங்காய்க்குத் தப்பி ஓடி, 1948-இல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்ட் போய்ச் சேர்ந்தார்கள்.

அங்கே இவர்கள் சும்மா இருக்கவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம். ஸெகெரெஷ் சிட்னியில் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகு, 1964-இல் அங்கிருந்து பள்ளிப் பிள்ளைகளுக்காகப் பாரபோலா என்ற கணக்குப் பத்திரிகை புறப்பட்டது. கோமாலில் வளர்ந்தவர் அதற்குப் பின்னால் இருந்தார். கணக்கு, விடை, அனுப்பியவர் பேர். எஸ்தர் 1984-இல் வாராவாரம் பிள்ளைகள் கூடிக் கணக்குப் போடும் வகுப்பைத் தொடங்க உதவினார். இருவரும் 2005 ஆகஸ்ட் 28-ஆம் தேதி, ஒரு மணி நேர இடைவெளிக்குள் அடிலெய்டில் இறந்தார்கள். அறுகோணத்துக்குச் சரியாக 17 புள்ளி போதும் என்று கணினி துணையோடு நிரூபித்த ஸெகெரெஷின் கட்டுரை மறுவருஷம் வெளிவந்தது. எழுகோணத்துக்கு விடை இன்னும் உறுதியாகவில்லை.

சென்னைக்கும் ஒரு கிளை வந்தது. 1970-களின் நடுவில் அல்லாடி கிருஷ்ணசுவாமி என்ற கல்லூரி மாணவர், ஓர் எண்ணின் பகாக் காரணிகளைக் கூட்டினால் என்ன ஆகும் என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். 12 என்றால் இரண்டும் இரண்டும் மூன்றும் சேர்ந்து ஏழு, அப்படி. சந்தேகம் கேட்டு ஏர்டோஷுக்குக் கடிதம் போட்டார். கல்கத்தாவிலிருந்து ஆஸ்திரேலியா போக வேண்டிய ஏர்டோஷ், பயணத்தை மாற்றிக்கொண்டு அந்த மாணவரைப் பார்க்கவே சென்னையில் வந்து இறங்கினார். இருவரும் சேர்ந்து எழுதிய கட்டுரை 1977-இல் வந்தது. இந்தியாவில் சொற்பொழிவாற்றிக் கிடைத்த சன்மானத்தை, முகம் பார்த்தறியாத ஜானகி அம்மாளுக்கு, ராமானுஜனின் மனைவிக்கு, கொடுக்கச் சொன்னவரும் இவர்தான். கும்பகோணத்துத் திண்ணைப் பையனின் கடன் ஏதோ தன் தலையில் இருப்பதாக அவர் நினைத்திருக்க வேண்டும்.

ஹங்கேரியில் 1959 கோடைக்காலத்தில் இன்னொரு பையனைப் பற்றி அவருக்குச் சொன்னார்கள். லாயோஷ் போஷா, பன்னிரண்டு வயது நிறையவில்லை, அம்மா கணிதம் படித்தவர். மறுநாளே அவனைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார். பையன் சூப் குடித்துக்கொண்டிருந்தான். ஏர்டோஷ் கேட்டார், ஒன்றிலிருந்து பத்துவரை உள்ள எண்களில் ஏதாவது ஆறை எடு, அவற்றுள் இரண்டுக்காவது ஒன்றைத் தவிரப் பொதுக் காரணி இருக்காது, ஏன்? பத்தும் ஆறும் நான் சொல்லும் உதாரணம்; அவர் கேள்வியைப் பொதுவாகவே கேட்டார், ஒன்றிலிருந்து ஓர் இரட்டைப்படை எண்வரை உள்ளவற்றில் பாதிக்கு ஒன்று கூடுதலாக எடுத்தால் என்று. இதற்கு எளிய நிரூபணம் கண்டுபிடிக்கத் தனக்கே பத்து நிமிஷம் ஆயிற்று என்பார் ஏர்டோஷ். பையன் கரண்டியைக் கீழே வைக்கவில்லை. அரை நிமிஷம் பேசாமல் குடித்தான். பிறகு, எடுத்தவற்றில் இரண்டு எண் பக்கத்துப் பக்கத்து எண்ணாக வந்தே தீரும், அவற்றுக்குப் பொதுக் காரணி ஏது என்றான்.

இங்கே கவனிக்க வேண்டியது ஏர்டோஷ் அடுத்துச் செய்தது. பையனுக்கு விடாமல் கடிதம் எழுதினார், கணக்குகள் அனுப்பினார். சில வருஷத்தில் சேர்ந்து கட்டுரையும் எழுதினார்கள். 1962-இல் புடாபெஸ்டின் ஃபஸெகாஷ் பள்ளியில் கணக்குக்கென்றே ஒரு தனி வகுப்பு தொடங்கியபோது போஷா அதில் சேர்ந்தார். அதே பெஞ்சு வரிசையில் லாஸ்லோ லோவாஸ், பின்னாளில் 2021-இல் ஏபெல் பரிசு வாங்கியவர். தனியே வளர்ந்திருக்கக்கூடிய பிள்ளைகளை ஒரே அறையில் போட்டது நல்ல காரியம். எல்லா ஊரிலும் அப்படி ஓர் அறை கட்ட முடியாது, அதனால் பத்திரிகையின் மதிப்பு குறையவில்லை. கோமால் இன்றும் வந்துகொண்டிருக்கிறது, இயற்பியல் கணக்குகளும் சேர்த்து.

போஷா ஆராய்ச்சியில் நிலைக்கவில்லை. பள்ளிப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கப் போய்விட்டார். ஏர்டோஷுக்கு அதில் மனக்குறை. அவர் பாஷையில் கணித ஆராய்ச்சியை நிறுத்தியவர் ‘செத்துப்போனவர்’. இந்த ஓர் இடத்தில் நான் பெரியவரோடு ஒத்துப்போக மாட்டேன், வாத்தியார் புத்தி என்று வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள். 1988 முதல் போஷா வாரக்கடைசி முகாம்கள் நடத்தினார். நாட்டின் பல ஊர்களிலிருந்து பிள்ளைகள் வெள்ளிக்கிழமை வந்து இறங்குவார்கள். இரண்டு மூன்று பேராக ஓர் அறையில் உட்கார்ந்து ஒரே கணக்கைப் போட வேண்டும். விடையை யாரும் சொல்லிவிட மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் முடியாத கணக்கு அடுத்த முகாமுக்குத் தள்ளிப்போகும், அதற்கு மாதக்கணக்காகலாம். அதுவரை அதே இரண்டு மூன்று பேர் அவரவர் ஊரிலிருந்து அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க வேண்டியதுதான். அங்கே வந்துபோன பழைய பிள்ளைகள்தாம் பிறகு அந்த முகாம்களை எடுத்து நடத்தத் தொடங்கினார்கள்.